ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு

ஜூன் 3

மார்ச் பன்னிரண்டாம் தேதி மதியம் எனக்குப் போன் செய்து ஏமாற்றியவருக்கு,

உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. போனில் சொன்ன பெயர் பொய் என்று பிறகு சொன்னார்கள். எங்கள் நிர்வாகத்துக்கு நீங்கள் கொடுத்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் உங்கள் நிறுவனத்தின் முகவரி இருந்தது. உறையின் மேல் 'சோதனை செய்தவர்' என்று எழுதி அனுப்புகிறேன். உங்கள் கைக்கு வருமோ, குப்பைக் கூடைக்குப் போகுமோ தெரியாது. மெயிலில் எழுத மாட்டேன். இப்போதெல்லாம் கம்ப்யூட்டரில் எதைத் தொட்டாலும் தோளுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல் இருக்கிறது, எல்லாம் உங்கள் புண்ணியம்.

மறந்திருப்பீர்கள். நாளைக்கு எத்தனை பேரை ஏமாற்றுகிறீர்களோ. ஆஸ்பத்திரியின் பதிவுப் பிரிவு, மூன்றாம் மேஜை. பத்தொன்பது வருஷமாக அங்கே உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிக்கு யார் போன் செய்தாலும் "தயவுசெய்து காத்திருக்கவும்" என்று முதலில் கேட்கிற குரல் என்னுடையதுதான். என்றைக்கோ பதிவுசெய்து போட்டார்கள். நீங்களும் அதைக் கேட்டுவிட்டுத்தான் என்னிடம் வந்திருப்பீர்கள்.

"அக்கா, நான் கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல புதுசா சேர்ந்திருக்கேன்கா. இன்னிக்குத்தான் முதல் நாள். உங்க மெஷினை மட்டும் விட்டுட்டேன், சார் வந்தா கிழிச்சிடுவாரு," என்றீர்கள். குரல் நடுங்கியது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் கழிவறையில் நின்று அழுதவள் நான். பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டேன். தப்புதான். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். அதற்காக உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

சண்டை அந்தப் பதிவைப் பற்றி. நாம் நாற்பத்தொரு நிமிடம் பேசினோம். அதை முழுசாகப் பதிவுசெய்து எங்கள் நிர்வாகத்திடம் கொடுத்திருக்கிறீர்கள். புதிதாகச் சேருகிற ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சியில் அதைப் போட்டுக் காட்டுகிறார்கள். பெயர் வருகிற இடத்தில் மட்டும் கீச்சென்று ஒரு சத்தம் வைத்திருக்கிறார்கள். குரல் யாருடையது என்று கேண்டீன்காரருக்குக்கூடத் தெரியும்.

என் மகள் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்வதும், பாத்திரம் கழுவிக்கொண்டே பேசுவதும், அவளிடம் சொல்ல வேண்டியவற்றை மறந்துவிடாமல் இருக்க நான் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்வதும் அதில் இருக்கிறது. வீட்டில் தனியாக இருக்கிறேன் என்று வெளியே தெரியாமல் இருக்க, வாசலில் ஒரு ஜோடி ஆம்பிளைச் செருப்பைப் போட்டு வைத்திருப்பதும் இருக்கிறது. அந்த இடம் வந்தால் எல்லோரும் சிரிப்பார்களாம். போன வாரம் என் மேஜைக்கு அடியில் யாரோ ஒரு ஜோடி ஆம்பிளைச் செருப்பை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அதை எடுத்துப் போடவும் கூச்சமாக இருந்தது. காலை மடக்கிக்கொண்டு சாயங்காலம் வரை வேலை பார்த்தேன்.

அறிக்கையில் 'கையாண்ட முறை' என்ற கட்டத்தில் 'உறவுமுறை சொல்லி அழைத்து நம்பிக்கை பெறுதல்' என்று எழுதியிருக்கிறீர்கள். பக்கத்தில் 'ஆபத்து: மிக அதிகம்.' பத்தொன்பது வருஷத்தில் என்னைப் பற்றி யாரோ எழுதிய முதல் அறிக்கை அது.

அந்தப் பதிவை அழிக்க ஏற்பாடு செய்யுங்கள். உங்களால் வந்தது, உங்களால்தான் போக வேண்டும்.

மூன்றாம் மேஜை


ஜூன் 17

மதிப்புக்குரிய அம்மா,

உங்கள் கடிதம் கிடைத்தது. எங்கள் அலுவலகத்துக்குக் கையால் எழுதிய கடிதம் வருவது அபூர்வம் என்பதால், உள்ளே ஏதாவது பொறி இருக்குமோ என்று இரண்டு பேர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் கொடுத்தார்கள்.

சோதனை நடந்த இடத்தின் ஊழியர்களோடு நாங்கள் தொடர்பு வைத்துக்கொள்ளக் கூடாது. இந்தக் கடிதமே விதிமீறல். அதனால்தான் மெயிலும் இல்லாமல் போனும் இல்லாமல் காகிதத்தில் எழுதுகிறேன். பேனா பிடித்து வருஷக்கணக்காகிறது, எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹேக்கர் என்றால் திருடன் என்று நினைக்கிறார்கள். நான் எத்திகல் ஹேக்கர், அதாவது அனுமதி வாங்கிக்கொண்டு உடைப்பவன். உங்கள் நிர்வாகமே எங்களை அழைத்து, எங்கே ஓட்டை இருக்கிறது பாருங்கள் என்று கேட்டது. யாராவது பிடித்தால் காட்டுவதற்கு அவர்கள் கொடுத்த அனுமதிக் கடிதம் என் சட்டைப்பையிலேயே இருந்தது. நிஜமான கும்பல் ஒன்று அன்றைக்கு உங்களைக் கூப்பிட்டிருந்தால், சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பூட்டிக்கொண்டிருக்கும். எந்த நோயாளிக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பார்க்க வழி இருந்திருக்காது. அதை நினைத்து ஆறுதல் அடையுங்கள்.

போனில் நான் பேசியது எல்லாமே முன்கூட்டித் தயாரித்த வசனம். அதைச் சொந்த விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தப்படி பதிவு உங்கள் நிர்வாகத்தின் சொத்து. அதில் என்னால் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை. மிகவும் வருந்துகிறேன்.

பதில் எழுதுவதாக இருந்தால் அலுவலகத்துக்கு வேண்டாம். என் அறையின் முகவரி கீழே இருக்கிறது. அலுவலகத்தில் என்னைப் பூனை என்பார்கள், இங்கேயும் அப்படியே போட்டுக்கொள்கிறேன்.

பூனை


ஜூன் 24

பூனை அவர்களுக்கு,

பொருத்தமான பெயர்தான். சத்தமே இல்லாமல் வந்து பாலைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். என் வீட்டு முகவரியை நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். ஆஸ்பத்திரிக்கே எழுதுங்கள்.

உங்கள் கடிதம் அரசாங்க நோட்டீஸ் மாதிரி இருந்தது. வசனம் என்கிறீர்கள். இருக்கட்டும். ஒரு விஷயம் மட்டும் எனக்கு இடிக்கிறது.

அழைப்பு தொடங்கியது 2.52, கடவுச்சொல் பெறப்பட்டது 3.32 என்று அறிக்கையில் இருக்கிறது. அதாவது நாற்பது நிமிடம் பேசிப் பேசி என்னைக் கரைத்துக் கடைசியில் வாங்கினீர்களாம். எங்கள் பயிற்சியாளரும் அப்படித்தான் பாடம் நடத்துகிறார். "எவ்ளோ பொறுமை பாருங்க, இதான் இவங்க டெக்னிக்," என்று உங்களைப் புகழ்கிறார். பாஸ்வேர்ட் வருகிற இடத்தைப் பத்திரம் கருதி நீங்களே வெட்டிவிட்டுத்தான் கொடுத்தீர்களாம். அதனால் அது எந்த இடத்தில் வந்தது என்று கேட்கிற யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரியும். பார்வையாளர் நேரம் முடிகிற மணி எங்கள் ஆஸ்பத்திரியில் மூன்றுக்கு அடிக்கும். அடித்ததும் நான் கவுண்டர் ஜன்னலை இழுத்துச் சாத்துவேன், நாலு மணி வரை ஆள் வராது. அன்றைக்குப் பாஸ்வேர்டைச் சொன்னேன். "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்றீர்கள். அப்புறம்தான் மணி அடித்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினேன், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

ஆக, மூன்று மணிக்கு முன்னாலேயே உங்கள் வேலை முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு அரை மணி நேரத்துக்கு மேல் என்னோடு எதற்குப் பேசிக்கொண்டிருந்தீர்கள்? அண்ணன் வீட்டுக்குப் போனால் அண்ணி தன் போனைக் கவிழ்த்து வைக்கிறார் என்று சொன்னீர்களே, அதையும் தயாரித்தீர்களா? எனக்குத் தெரிந்தாக வேண்டும். அது வசனமென்றால் என்னைப்போல் முட்டாள் கிடையாது. அது நிஜமென்றால் உங்கள் அறிக்கை பொய்.

மூன்றாம் மேஜை


ஜூலை 5

உங்களை எப்படி அழைப்பது என்று தெரியாததால் அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

அறிக்கை பொய்.

ஆறாவது நிமிடத்தில் நீங்கள் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டீர்கள். நோக்கம் நிறைவேறியதும் நிறுத்து என்பது எங்கள் தொழிலில் முதல் விதி. கதவு திறக்கும் என்று காட்டினால் போதும், உள்ளே போய் அலமாரியைக் குடையக் கூடாது. யாருடைய சொந்த விஷயமாவது தற்செயலாகக் கண்ணில் பட்டாலும் வைத்துக்கொள்ளாமல் அழித்துவிட வேண்டும். எங்களுக்கும் திருடனுக்கும் நடுவில் இருப்பது அந்தக் கோடு ஒன்றுதான். (உங்கள் முகவரியைக்கூட அப்படித்தான் அழித்தேன். நிஜமாகவே என்னிடம் இல்லை.) அன்றைக்கு "நன்றிக்கா" என்று சொல்லிவிட்டு வைத்திருக்க வேண்டும். வாயைத் திறந்தேன், அதற்குள் நீங்கள் சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டீர்கள்.

குரல் நடுங்கியது நடிப்பு. சாப்பிடாதது நிஜம். அதற்கு முன்னால் மூன்று நாளாக நான் யாரிடமும் என் சொந்தக் குரலில் பேசவில்லை. வேலைக்காகப் பேசுவேன். லிஃப்ட் ரிப்பேர்காரனாக, கூரியர்காரனாக, பயந்துபோன புது ஊழியனாக. வேலை முடிந்து அறைக்கு வந்தால் ஒரு நாற்காலியும், பக்கத்துக் கட்டடத்தின் சுவரைப் பார்த்த ஒரு ஜன்னலும் இருக்கின்றன. சும்மா கூப்பிட்டுப் பேச ஒரு நம்பர் கிடையாது.

அண்ணி விஷயமும் நிஜம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். "பெரிய ஹேக்கராமே, எங்க, என் போனைத் திற பார்க்கலாம்!" என்று அண்ணி வம்புக்கு இழுத்தார். விளையாட்டுக்குத்தான். எனக்கு மூன்று நிமிடம் பிடித்தது. திறந்ததும் திரையில் இருந்தது, தன் அம்மாவுக்கு அவர் எழுதி அனுப்பாமல் வைத்திருந்த ஒரு செய்தி. இவரை விட்டுவிட்டு அங்கே வந்துவிடட்டுமா என்று கேட்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் அதைப் படித்துவிட்டான். அவர்கள் பிரியவில்லை, இப்போதும் சேர்ந்துதான் இருக்கிறார்கள். ஆனால் நான் உள்ளே நுழைந்தால் அந்த வீட்டில் எல்லாப் போனும் கவிழ்ந்துவிடும். ஒரு நாள் அண்ணன் மகள்கூடத் தன் போனை எடுத்து மடிக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அன்றோடு போவதை நிறுத்திவிட்டேன்.

அறிக்கை எழுத உட்கார்ந்தபோது அந்த முப்பத்தைந்து நிமிடத்துக்கு ஒரு காரணம் காட்ட வேண்டியிருந்தது. கூப்பிட்டவனுக்குப் பேச ஆள் இல்லை என்று எந்தக் கட்டத்தில் எழுதுவது? கடவுச்சொல் கடைசியில்தான் கிடைத்தது என்று போட்டுவிட்டேன். உங்கள் நிர்வாகம் அதில் அசந்துபோய்ப் பாடமாகவே ஆக்கிவிட்டது.

எங்கள் பொறுப்பாளரிடம் நான் இதைச் சொன்னால் பதிவை அழித்தே ஆக வேண்டும். ஆறாவது நிமிடத்துக்குப் பிறகு இருப்பது ஒப்பந்தத்துக்கு வெளியே இருப்பது. ஆனால் சொன்னால் என் வேலை போய்விடும். பொய் அறிக்கை எழுதியவனை இந்தத் தொழிலில் வேறு யாரும் வாசலில்கூட நிறுத்த மாட்டார்கள். எனக்கு வேறு எதுவும் தெரியாது. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். பயமாக இருக்கிறது.

பூனை


ஜூலை 12

பூனைக்கு,

படித்தேன். கோபம் தீரவில்லை. ஆனால் முன்னே மாதிரி ஒரே பக்கமாகப் பாயவும் மாட்டேன் என்கிறது. உங்கள் அண்ணி மேலும் கோபம் வந்தது, சாப்பிடுகிற இடத்தில் யார் அப்படிச் சவால் விடச் சொன்னது? அப்புறம் அவரை நினைத்துப் பாவமாகவும் இருந்தது.

அவகாசம் கேட்கிறீர்கள். என்னிடம் அதிகம் இல்லை. ஆகஸ்ட் ஒன்றாம் தேதி அடுத்த குழு சேருகிறது, இருபத்தாறு பேர். அதில் ஒருத்தி என் எதிர் வீட்டுப் பெண், நர்ஸாக வருகிறாள். சந்தோஷமாக வந்து சாக்லேட் கொடுத்துவிட்டு, "ஆன்ட்டி, இனிமே நாம ரெண்டு பேரும் ஒரே ஆபீஸ்! அங்கிள் எப்ப வர்றாரு?" என்று கேட்டாள். அங்கிள் வெளியூரில் வேலை பார்க்கிறார் என்றுதான் அந்தக் கட்டடத்தில் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். அவர் போய் ஆறு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகுதான் இந்த வீட்டுக்கே வந்தேன்.

ஒன்றாம் தேதி அவள் பயிற்சி அறையில் உட்கார்ந்து என் குரலில் எல்லாவற்றையும் கேட்பாள். நல்ல பெண்தான். ஆனால் அம்மாவிடம் சொல்லாமல் இருப்பாளா? அவள் அம்மா வாயில் ஒன்று விழுந்தால் நாலு மாடிக்கும் தெரிந்த மாதிரி. வாட்ச்மேனுக்கும் வீட்டு புரோக்கருக்கும் தெரியும், தண்ணீர் கேன் போடுகிறவருக்கும் தெரியும். ஆஸ்பத்திரியில் சிரித்தார்கள், பொறுத்துக்கொண்டேன். ராத்திரி கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுத் தூங்குவது அந்த வீட்டில்தான். எனக்கு நிஜமாகவே பயமாக இருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்று ஆறாம் வார்டிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்தவளாம், ஒரு நோயாளியின் பழைய பதிவு எண் உடனே வேண்டும், டாக்டர் பக்கத்தில் நிற்கிறார் என்றாள். அடையாள எண் கேட்டேன். இன்னும் கொடுக்கவில்லை என்றாள். "ப்ளீஸ் மேடம், என்னைத் திட்டுவாங்க," என்று அழ ஆரம்பித்தாள். நான் போனை வைத்துவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் ஆறாம் வார்டுக்கு நடந்து போய்ப் பார்த்தேன். நிஜமாகவே ஒரு பெண் கண் சிவந்து நின்றுகொண்டிருந்தாள். பயிற்சியாளர் என்னைக் கூப்பிட்டுப் பாராட்டினார். மூன்றாம் மேஜை தேறிவிட்டது என்றார்.

மூன்றாம் மேஜை


ஜூலை 20

தம்பி,

எட்டு நாளாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. முதல் நான்கு நாள், ஆள் கழன்றுகொண்டான் என்று திட்டிக்கொண்டிருந்தேன். அடுத்த நான்கு நாள் வேறு மாதிரி யோசனை. வேலையும் போய்விட்டால் அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நீ என்ன செய்வாய்? லிஃப்ட்காரனாகவாவது நாலு பேரிடம் பேசுகிறாய். அதுவும் இல்லாமல் போனால்?

நீ சொல்ல வேண்டாம். நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். ஒன்றாம் தேதிக்கு முன்னால் எதிர் வீட்டுப் பெண்ணை நானே உட்கார வைத்துச் சொல்லிவிடுகிறேன். "இந்த மாதிரி ஒண்ணு போடுவாங்க, அதுல பேசுறது நான்தான், உன் வாயோட வச்சுக்கோ," என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்டால் கேட்கட்டும். மற்றவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், எனக்குப் பழகிவிட்டது. பழகவில்லைதான். ஆனாலும் பழகிவிடும்.

இனிமேல் ஆஸ்பத்திரிக்கு எழுதாதே, தபால் பிரிவில் விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். உன்னிடம் போய் முகவரியைக் கொடுக்கிறேன் பார், எனக்கு எத்தனை பயிற்சி கொடுத்தாலும் வீண்தான்.

வேளைக்குச் சாப்பிடு.


ஜூலை 20

உங்களுக்கு,

சொல்லிவிட்டேன். இன்று காலை பத்து மணிக்கு.

பொறுப்பாளர் கண்ணாடியைக் கழற்றி அதையே ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பூனை என்று முதலில் கூப்பிட்டவர் அவர்தான். "ஏம்ப்பா, யாரும் கேக்காமலே வந்து சொல்றியே. இதை யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது, தெரியுமில்ல?" என்றார். "அவங்க கண்டுபிடிச்சிட்டாங்க மேடம்," என்றேன். உங்கள் கடிதங்களைப் பற்றியும் மறைக்காமல் சொன்னேன். எங்கள் ஆட்கள் மூன்று பேர் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்ட அறிக்கை அது. ஒரு மணிச் சத்தத்தை வைத்து நீங்கள் அதை உடைத்துவிட்டீர்கள் என்று கேட்டதும், அவருக்கு ஒரு நிமிடம் கோபம் மறந்து சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என் லேப்டாப்பையும் நுழைவு அட்டையையும் மேஜையில் வைக்கச் சொன்னார்.

உங்கள் நிர்வாகத்துக்கு இன்றே எழுதுகிறார்கள். ஒன்றாம் தேதிக்குள் நடக்க வேண்டும் என்று கெஞ்சிக் கேட்டிருக்கிறேன்.

ஆறாம் வார்டுப் பெண்ணைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கு வேறு யோசனை வரவில்லை. நீங்கள் செய்தது சரிதான். நான் பயிற்சி கொடுத்திருந்தாலும் அப்படித்தான் செய்யச் சொல்லியிருப்பேன். அதுதான் தாங்க முடியவில்லை.

பூனை


ஜூலை 29

உங்கள் கடிதம் ஒரு நாள் பிந்தி வந்தது. சொல்ல வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அது முந்தி வந்திருந்தால் நான் நிச்சயம் சொல்லியிருக்க மாட்டேன். தபால்காரர் தாமதித்தது நல்லதாகப் போயிற்று.

பதிவை அழிக்க உங்கள் நிர்வாகம் ஒத்துக்கொண்டுவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி உங்கள் முன்னிலையில் அழிப்பார்கள். எல்லா நகல்களும் சேர்த்து. ஒன்றாம் தேதி அந்தப் பெண் வரும்போது அது இருக்காது. இனி பயப்படாமல் தூங்குங்கள்.

அதற்கு அவர்கள் வக்கீல் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். நான் ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். இனி உங்களுக்குக் கடிதம் எழுதக் கூடாது, போனில் பேசக் கூடாது, நேரில் பார்க்கக் கூடாது, வேறு ஆள் மூலமாகவும் தொடர்புகொள்ளக் கூடாது. காலவரையறை கிடையாது. கையெழுத்துப் போடாவிட்டால் விவகாரம் வழக்காகும், வழக்கு முடிகிற வரை பதிவை ஆதாரமாக வைத்துக்கொள்வார்கள். நாளைக் காலை பத்து மணிக்குக் கையெழுத்து. இன்று வரை எழுதலாம் என்பதால் இன்று எழுதுகிறேன்.

நேற்று முழுவதும் யோசித்தேன் என்று சொன்னால் பெருமையாக இருக்கும். யோசிக்க அதில் ஒன்றும் இல்லை. போடாமல் விட்டால் அன்று ஆறாவது நிமிடத்தில் செய்ததையே இன்னொரு தடவை செய்ததாகும்.

தெருமுனையில் ஒரு போன் ரிப்பேர் கடை இருக்கிறது. உடைந்த திரை மாற்றத் தெரியுமா என்று கடைக்காரர் கேட்டார், தெரியும் என்றேன். திங்கட்கிழமையிலிருந்து வரச் சொன்னார். போனைக் கொடுக்கிறவர்கள் பாஸ்வேர்டையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்ததும் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டேன். அண்ணன் மகளின் போன் உடைந்தால் இங்கே வருவாளா என்று நினைத்துப் பார்த்தேன். வர மாட்டாள்.

உங்களோடு பேசியதும் எழுதியதும் எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தெரியவில்லை. உங்கள் கடிதம் ஒவ்வொன்றும் என்னைத் திட்டத்தான் வந்தது, ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். உங்களை ரொம்பத் தேடும், அக்கா. அந்த வார்த்தையை ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன், நாளையிலிருந்து முடியாது.


ஆகஸ்ட் 2

தம்பி,

முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார்கள். வக்கீல், பயிற்சியாளர், கம்ப்யூட்டர் பிரிவுத் தலைவர், மூன்று பேர். சரியான பதிவுதானா என்று கொஞ்சம் கேட்டு உறுதிசெய்யுங்கள் என்று ஹெட்போனைக் கொடுத்தார்கள். "முழுசாக் கேக்கணும் சார்," என்றேன். வக்கீல் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான் கண்டுகொள்ளவில்லை.

இத்தனை நாள் எல்லோரும் கேட்டார்கள், நான் கேட்டதில்லை. நான் சாப்பிட்டாயா என்று கேட்ட பிறகு நீ உடனே பதில் சொல்லவில்லை, தெரியுமா? நாலைந்து விநாடி ஒன்றுமே இல்லை. அப்புறம்தான் "இல்லக்கா" வருகிறது. வைத்துவிடலாமா என்று அப்போது யோசித்திருக்கிறாய். அதற்குப் பிறகு உன் குரலே வேறு மாதிரி இருக்கிறது. செருப்பு விஷயத்தை நான் சொன்னபோது நீ சிரிக்கவில்லை. "நல்ல ஐடியாதான்கா, ஆனா அப்பப்ப இடம் மாத்தி வைங்க, ஒரே மாதிரி கிடந்தா சந்தேகம் வரும்," என்றாய். இத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், அந்த வார்த்தையை ஒருத்தர் காதிலும் வாங்கவில்லை. முடிந்ததும் அழித்தார்கள். என் முன்னால் அழித்தார்கள் என்று கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்தபோது பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது, கொஞ்ச நேரம் அழுகையாகவும் வந்தது.

இப்போது முக்கியமான விஷயம். உன் உறுதிமொழிப் பத்திரத்தின் நகலை எனக்குக் காட்டினார்கள். இரண்டு பக்கம், பதினொரு விதி. நிதானமாகப் படித்தேன். சோதனையாளர் ஊழியரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று பதினொரு விதமாக எழுதியிருக்கிறது. ஊழியர் சோதனையாளரைத் தொடர்புகொள்ளக் கூடாது என்று எங்கேயும் இல்லை. மறுபடி ஒரு தடவை படித்தேன். இல்லை. "நான் எதுலயாவது கையெழுத்துப் போடணுமா சார்?" என்று கேட்டேன். "நீங்க எதுக்கும்மா, நீங்க பாதிக்கப்பட்டவங்க," என்றார் வக்கீல். "சரிங்க சார்," என்று பவ்யமாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். இவ்வளவு பெரிய ஓட்டையை வைத்துக்கொண்டு ஊரில் இருக்கிற ஓட்டையெல்லாம் பார்க்க உங்களைக் கூப்பிடுகிறார்கள்.

அதனால் நான் எழுதுவேன். நீ பதில் எழுதாதே. ஒரு வரிகூட, ஒரு வெற்று உறைகூட அனுப்பாதே. கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அதை ஒழுங்காகக் காப்பாற்று. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிரு, அது உனக்கு நன்றாக வரும்.


செப்டம்பர் 9

தம்பி,

இது, நீ கையெழுத்துப் போட்ட பிறகு நான் எழுதும் நான்காவது கடிதம்.

பயிற்சியில் இப்போது ஏதோ ஒரு கார்ட்டூன் படம் போடுகிறார்களாம், பாதிப் பேர் தூங்குகிறார்கள் என்று எதிர் வீட்டுப் பெண் சொன்னாள். அவளுக்கு ஆறாம் வார்டு. அன்றைக்கு அழுத பெண்ணும் அங்கேதான். நான் ஒரு நாள் போய், அழவைத்ததற்கு அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். யார் என்று அவளுக்குப் புரியவே இல்லை. பரவாயில்லை மேடம் என்று சொல்லிவிட்டு டிராலியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

மகள் போன் செய்தாள். உன்னைப் பற்றிச் சொன்னேன், ஏமாற்றியதிலிருந்து எல்லாவற்றையும். பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. "அம்மா, அந்த ஆளுக்கா லெட்டர் எழுதுறீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "என்கிட்ட ஏம்மா இதெல்லாம் சொல்லலை?" என்று கேட்டாள். அடுத்த வாரமும் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறாள், பார்க்கலாம்.

நேற்று படிக்கட்டில் தபால்காரரைப் பிடித்தேன். "நான் ஒருத்தருக்கு எழுதுறேன். அந்த ஆள் வீடு மாறிப் போயிருந்தா, இல்ல வாங்க மாட்டேன்னு சொல்லிட்டா, லெட்டர் என்ன ஆகும்?" என்று கேட்டேன். "பின்னாடி உங்க அட்ரஸ் இருக்குல்ல? திரும்ப உங்ககிட்டயே வந்துடும்மா," என்றார். எத்தனை நாளில் வரும் என்றேன். பத்து நாள், மிஞ்சிப்போனால் பதினைந்து என்றார்.

முதல் கடிதம் போட்டு ஐந்து வாரம் ஆகிவிட்டது. தினமும் வேலையிலிருந்து வந்ததும் கீழே தபால்பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டு மூலை வரை தடவிப் பார்க்கிறேன். காலியாக இருந்தால் நிம்மதியாக மாடிக்கு ஏறிப் போகிறேன்.